பிலோடென்ட்ரான் குளோரியோசம்: தவழும் செடியை வீட்டுக்குள் வளர்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

பிலோடென்ட்ரான் என்று நர்சரியில் கேட்டால், பல இடங்களில் செடியோடு ஒரு மாஸ் குச்சியையும் (பாசி சுற்றிய கம்பு) சேர்த்தே கொடுப்பார்கள். அந்த இனத்தில் பெரும்பாலானவை மரத்தைப் பற்றி மேலே ஏறுகிறவை என்பதால் அந்தப் பழக்கம். குளோரியோசத்துக்கு அந்தக் குச்சி வேண்டாம். இது ஏறாது, தவழும். தென் அமெரிக்காவில் கொலம்பியாவின் ஈரக் காடுகளில், உதிர்ந்த இலைகள் மக்கிய தரையின் மேல் விரல் தடிமனான தண்டைப் படுக்கவைத்து மெல்ல ஊர்ந்து போகிற செடி. தண்டின் அடிப்பக்கத்திலிருந்து வேர் கீழே இறங்கும். மேல்பக்கத்திலிருந்து இலைக்காம்பு ஒவ்வொன்றாக எழும். 1876-இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் எடுவார் ஆந்த்ரே இதற்கு முறைப்படி பெயர் சூட்டினார்.

இதய வடிவ இலை, வெல்வெட் போன்ற மேற்பரப்பு, அதில் பளிச்சென்ற வெள்ளை நரம்புகள். இந்த அழகுக்காகத்தான் விலை கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் செடி பிழைப்பதும் போவதும் தண்டைப் பொறுத்தது. வாங்கி வந்த குளோரியோசம் வீட்டில் அழுகிப்போவதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: மற்ற செடிகளைப் போலத் தண்டையும் மண்ணுக்குள் புதைத்துவிடுவது. கீழே சொல்லப்போகும் கலவை, தொட்டி, தண்ணீர் எல்லாமே தண்டை உலர்வாகவும் வேரை ஈரமாகவும் வைத்திருப்பதற்கான ஏற்பாடுகள்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

இலையை மட்டும் பார்த்தால் ஏமாந்துவிடலாம். ஆந்தூரியம் கிறிஸ்டலினம், ஆந்தூரியம் கிளாரிநெர்வியம் இரண்டும் வெள்ளை நரம்போடு இதய வடிவத்தில்தான் இருக்கும். இலையும் காம்பும் சேரும் இடத்தைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒரு சிறு முட்டிபோல வீங்கியிருந்தால் அது ஆந்தூரியம். குளோரியோசத்தில் அந்த வீக்கம் கிடையாது. காம்பின் மேல்பக்கம் தட்டையாகவும், இரு ஓரங்களிலும் மெல்லிய விளிம்பு எழுந்தும் இருக்கும். மெலனோகிரைசம் என்ற இன்னொரு வெல்வெட் பிலோடென்ட்ரானின் காம்பு உருண்டையாக இருக்கும், அது ஏறும் வகை. குளோரியோசத்தையும் மெலனோகிரைசத்தையும் கலந்து உருவாக்கிய ‘குளோரியஸ்’ என்ற கலப்பினமும் சந்தையில் இருக்கிறது. அதன் இலை நீளமாகப் போகும், தண்டும் ஏற முயலும். சிறு கன்றாக இருக்கும்போது வித்தியாசம் தெரியாது என்பதால், தாய்ச்செடியின் படத்தைக் கேட்டு வாங்குவது நல்லது.

இப்போது கிடைப்பவற்றில் பெரும்பகுதி டிஷ்யூ கல்ச்சர் கன்றுகள், அதாவது ஆய்வகக் குப்பியில் திசுவிலிருந்து வளர்த்தவை. விலையும் முன்பைவிட வெகுவாக இறங்கிவிட்டது. மூன்று இலையாவது விட்ட, மண்கலவையில் வேர் பிடித்த கன்றாக வாங்குங்கள். ஆய்வகக் குப்பியிலிருந்து நேராக எடுத்த பொடிக் கன்று மலிவாகக் கிடைத்தாலும், அதைப் பழக்கி எடுப்பதற்குள் பாதி போய்விடும். வெளிநாட்டு விற்பனையாளரிடம் வாங்க நினைப்பவர்கள் கவனிக்க: 2003-ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடை ஆணையின்படி, இந்தியாவுக்குள் செடி கொண்டுவர இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி செய்யும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் இல்லாமல் தபாலில் வருவதைத் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ அழித்துவிடலாம்.

நல்ல செடியின் அடையாளம் தண்டின் நுனி. அதை லேசாக அழுத்தினால் கெட்டியாக இருக்க வேண்டும். பழுப்பு நிறமோ நாற்றமோ இருக்கக் கூடாது. இலை கிழிந்திருந்தால் பரவாயில்லை, அடுத்த இலை வரும். நுனி போனால் பக்கக் கணு முளைக்க மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்த முதல் மூன்று வாரம்

கூரியரில் வந்த செடியை அன்றைக்கே தொட்டி மாற்றாதீர்கள். பெட்டியைத் திறந்ததும் ஈரத் துணியையும் நெருக்கமான பிளாஸ்டிக் சுற்றலையும் எடுத்துவிடுங்கள். மண்ணில்லாமல் வந்திருந்தால், வேரைச் சூடில்லாத சாதாரணத் தண்ணீரில் பதினைந்து நிமிடம் வையுங்கள். கறுத்துக் குழைந்த வேரை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தரியால் வெட்டிவிடுங்கள். மண்ணோடு வந்திருந்தால் மண்ணைக் கலைக்காமல் நிழலில் வையுங்கள்.

மற்ற செடிகளிடமிருந்து தள்ளி, மூன்று வாரம் தனியாக இருக்கட்டும். இலைப்பேன் முட்டை இலைத் திசுவுக்குள் இருப்பதால் முதல் நாள் கண்ணுக்குத் தெரியாது. பூச்சி பொரித்து வெளிவர அந்த இடைவெளி தேவை. இந்த நாட்களில் பழைய இலை ஒன்றிரண்டு மஞ்சளாகி விழுவது வழக்கம். அதற்குப் பயந்து உரமோ கூடுதல் தண்ணீரோ கொடுக்க வேண்டாம்.

டிஷ்யூ கல்ச்சர் கன்று என்றால், மூடியுள்ள தெளிவான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் தொட்டியோடு வையுங்கள். முதல் வாரம் மூடி முழுதாக மூடியிருக்கட்டும். இரண்டாம் வாரம் காலையும் மாலையும் ஒரு மணி நேரம் திறந்து வையுங்கள். மூன்றாம் வாரம் பகல் முழுக்கத் திறந்து, இரவில் மூடுங்கள். குப்பிக்குள் வளர்ந்த இலையில் மெழுகுப் பூச்சு சரியாக உருவாகியிருக்காது. சட்டென்று வெளிக்காற்றில் வைத்தால் ஓரிரு நாளில் வாடிவிடும்.

கலவை

பொள்ளாச்சிப் பக்கம் போய்வந்தவர்களுக்குத் தெரியும், தேங்காய் மட்டையிலிருந்து வரும் பொருள்களுக்கு நம் ஊரில் பஞ்சமில்லை. குளோரியோசத்துக்கான கலவைக்கு அதுவே முதுகெலும்பு. பத்து லிட்டர் கலவைக்கு அளவு இது: ஒன்று முதல் ஒன்றரை செ.மீ. அளவில் வெட்டிய மட்டைத் துண்டு (கோகோ சிப்ஸ்) 4 லிட்டர், பெர்லைட் (எடை குறைந்த வெள்ளைப் பொரிகல்) 2 லிட்டர், கோகோபீட் (தென்னை நார்த்தூள்) 2 லிட்டர், பட்டாணி அளவு உடைத்த அடுப்புக்கரி 1 லிட்டர், சலித்த மண்புழு உரம் 1 லிட்டர். செம்மண், களிமண், ஆற்று மணல் எதுவும் வேண்டாம். கலவையைக் கையில் பிடித்து இறுக்கினால் ஓரிரு சொட்டு மட்டும் வடிந்து, கையைத் திறந்ததும் உதிர வேண்டும். உருண்டையாக நின்றால் கோகோபீட் அதிகம். இன்னும் கொஞ்சம் மட்டைத் துண்டு சேருங்கள்.

கோகோபீட்டையும் மட்டைத் துண்டையும் வாங்கியவுடன் அப்படியே போடக் கூடாது. தென்னை நாரில் இயற்கையாகவே சோடியமும் பொட்டாசியமும் ஒட்டியிருக்கும். வெறும் தண்ணீரில் கழுவினால் மேலோட்டமான உப்புப் போகும். நாரோடு பிணைந்திருப்பது போகாது. பிறகு நீங்கள் கொடுக்கும் கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, நார் இழுத்துக்கொண்டு, சோடியத்தை வேருக்கு விடும். புதுக் குருத்து சுருண்டும் விளிம்பு கருகியும் வருவதற்கு இது ஒரு காரணம். எனவே 650 கிராம் கோகோபீட் கட்டி ஒன்றுக்கு, ஐந்து லிட்டர் தண்ணீரில் 15 கிராம் கால்சியம் நைட்ரேட்டைக் கரைத்து, கட்டியை அதில் ஓர் இரவு ஊறவையுங்கள். காலையில் வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசி எடுங்கள். மட்டைத் துண்டுக்கும் இதே முறைதான். கால்சியம் நைட்ரேட் உரக்கடைகளில் சில்லறையாகக் கிடைக்கும்.

பெர்லைட் கிடைக்கவில்லை என்றால் பியூமிஸ் கல் போடலாம். உமிக்கரி பலரும் சேர்ப்பார்கள். அது பொடியாகி அடியில் படிந்து வடிகாலை அடைத்துவிடும், இந்தச் செடிக்கு நல்லதல்ல.

தொட்டியும் நடும் முறையும்

வட்டத் தொட்டியில் தண்டு சில மாதத்தில் சுவரில் போய் முட்டும். முட்டிய பிறகு நுனி வளைந்தோ விளிம்பைத் தாண்டித் தொங்கியோ போகும். இலையும் சிறுக்கத் தொடங்கும். மேலே தொங்கும் தண்டு விடும் வேருக்கு இறங்க மண் இல்லை. ஆகவே நீள்சதுரத் தொட்டிதான் சரி. நீளம் 40 முதல் 60 செ.மீ., அகலம் 20 செ.மீ., ஆழம் 12 முதல் 15 செ.மீ. போதும். வேர் ஆழமாகப் போவதில்லை, பக்கவாட்டில் பரவும். ஆழமான தொட்டியின் அடியில் காயாத ஈரம் தங்கி வேரை அழுகச் செய்யும். மாடித்தோட்டத்துக்கு விற்கும் நீளப் பிளாஸ்டிக் தொட்டியே போதும். அடியில் 10 செ.மீ. இடைவெளியில் பென்சில் தடிமனுக்கு ஓட்டைகள் போட்டுக்கொள்ளுங்கள்.

சிறு கன்றை நேரடியாக அவ்வளவு பெரிய தொட்டியில் வைக்காதீர்கள். தண்டு 6 அல்லது 8 செ.மீ. நீளம் ஆகும்வரை 12 செ.மீ. வட்டத் தொட்டியில் இருக்கட்டும். பிறகு மாற்றுவது இப்படி:

1. முந்தின நாள் மாலை தண்ணீர் ஊற்றுங்கள். ஈரமான வேர் வளையும், காய்ந்த வேர் ஒடியும்.

2. நீளத் தொட்டியின் அடியில் 3 செ.மீ. மட்டைத் துண்டு மட்டும் பரப்புங்கள். அதன் மேல் கலவையை விளிம்புக்கு 4 செ.மீ. கீழே வரை நிரப்புங்கள்.

3. செடியின் பழைய முனை, அதாவது இலை இல்லாத பின்பக்கம், தொட்டியின் ஒரு குறுகிய சுவரை ஒட்டி இருக்க வேண்டும். வளரும் நுனி எதிர்ச் சுவரைப் பார்க்க வேண்டும். முன்னால் இருக்கும் வெற்றிடம் முழுதும் அது ஊர்ந்து போவதற்கான பாதை.

4. வேருக்குப் பள்ளம் பறித்து, வேரை இருபக்கமும் விரித்து இறக்குங்கள். கலவையால் வேரை மட்டும் மூடுங்கள். தண்டின் அடிப் பாதி கலவையில் பதிந்தும், மேல் பாதி வெளியே தெரிந்தும் இருக்கட்டும்.

5. செடி ஆடினால், கொண்டை ஊசி போல வளைத்த கம்பி இரண்டை இலைக்காம்புகளுக்கு நடுவே தண்டின் மேல் செருகிப் பிடிக்கச் செய்யுங்கள். பிளாஸ்டிக் உறை போட்ட கம்பியாக இருக்கட்டும். வேர் பிடித்ததும் ஒரு மாதத்தில் எடுத்துவிடலாம்.

6. ஓரங்களில் தண்ணீர் ஊற்றி, அடியில் வடியும் வரை நனையுங்கள். கலவை இறங்கித் தண்டின் ஏதாவது பகுதி அந்தரத்தில் நின்றால், அடியில் மட்டும் கொஞ்சம் கலவை சேருங்கள். தண்டின் மேல் போட்டு மூட வேண்டாம்.

நுனி, எதிர்ச் சுவருக்கு 5 செ.மீ. தூரத்துக்கு வந்ததும் தொட்டி மாற்ற வேண்டும். அதற்கு ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அந்த வயதில் கோகோபீட்டும் நொறுங்கிக் காற்றோட்டத்தை இழந்திருக்கும், ஆக இரண்டு வேலையும் ஒன்றாக முடிந்துவிடும்.

வெளிச்சம்

காட்டுத் தரைச் செடி என்பதால் இருட்டு மூலையில் வளரும் என்று நினைப்பது தவறு. பிழைக்கும், வளராது. இலைக்காம்பு மட்டும் நீண்டு, இலை உள்ளங்கை அளவிலேயே நின்றுவிடும். பகலில் 8,000 முதல் 15,000 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) கிடைத்தால் நன்றாக வளரும். 4,000 லக்ஸுக்குக் கீழே என்றால் செயற்கை விளக்கு வேண்டும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி உத்தேசமாகச் சொல்லும், அது போதும். கிழக்கு ஜன்னலில் மெல்லிய வெள்ளைத் திரைக்குப் பின்னால் ஒன்றரை அடி தூரம் பொதுவாகச் சரியாக வரும். மேற்கு ஜன்னலின் மாலை வெயில் நேரடியாகப் பட்டால் இலையில் வெளுத்த திட்டு விழும், அது மீளாது.

வெல்வெட் இலைக்கு ஒரு தனித்தன்மை உண்டு. மேல்தோலின் ஒவ்வொரு செல்லும் சிறு குமிழ்போல மேல்நோக்கிப் புடைத்திருக்கும். பல திசைகளிலிருந்தும் வரும் மங்கிய வெளிச்சத்தைப் பிடித்து உள்ளே அனுப்ப இந்த வடிவம் உதவுகிறது. அந்தப் புடைப்புகளால்தான் பக்கவாட்டில் பார்க்கும்போது இலை பட்டுப்போல மினுங்குகிறது.

ஜன்னல் வெளிச்சம் குறைவான வீட்டில் விலையுயர்ந்த க்ரோ லைட் தேட வேண்டியதில்லை. நாலடி நீள 20 வாட் எல்.இ.டி. பேட்டன் இரண்டை, பகல் வெளிச்ச நிறத்தில் (6,500 கெல்வின்) வாங்கி, இலைக்கு 30 செ.மீ. மேலே பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால் 5,000 லக்ஸ் அளவில் கிடைக்கும். டைமர் வைத்து நாளுக்கு 13 மணி நேரம் எரியவிடுங்கள். இலைகள் எல்லாம் வெளிச்சத்தின் பக்கம் முகம் திருப்பும். தொட்டியை அடிக்கடி சுற்றினால் காம்புகள் முறுக்கிக்கொள்ளும், ஆகவே வளரும் நுனியை ஜன்னல் பக்கம் பார்க்க வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடுங்கள்.

தண்ணீர்

இத்தனை நாளுக்கு ஒரு முறை என்று கணக்கு வைக்காதீர்கள். மூங்கில் குச்சி ஒன்றைத் தொட்டியின் ஓரத்தில் செருகி, பத்து நிமிடம் கழித்து எடுத்துப் பாருங்கள். மேல் 3 அல்லது 4 செ.மீ. காய்ந்து, அதற்குக் கீழே குச்சி லேசாக நிறம் மாறி ஈரமாக இருந்தால் தண்ணீர் ஊற்றும் நேரம். முழுதும் ஈரமாக வந்தால் இரண்டு நாள் பொறுங்கள். கோடையில் நான்கைந்து நாளுக்கு ஒரு முறையும், ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் பத்து நாளுக்கு ஒரு முறையும் வரலாம். மழைக்காலத்தில் வெளிச்சமும் குறையும், ஈரமும் காயாது. வேரழுகல் அதிகம் வருவது அப்போதுதான்.

ஊற்றும்போது தண்டைச் சுற்றி ஊற்றுங்கள். நுனியில் புதுக் குருத்தைப் பொதிந்திருக்கும் உறைக்குள் தண்ணீர் தேங்கினால், காற்றோட்டம் இல்லாத அறையில் குருத்து உள்ளேயே அழுகிவிடும். தவறி விழுந்துவிட்டால் டிஷ்யூ காகிதத்தின் முனையைத் திரியாக்கி உறிஞ்சி எடுத்துவிடுங்கள்.

எந்தத் தண்ணீர் என்பது நம் ஊரில் பெரிய விஷயம். சென்னையின் பல பகுதிகளில் போர்வெல் தண்ணீரின் டி.டி.எஸ். (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 500-ஐத் தாண்டும், கடற்கரைப் பக்கம் ஆயிரமும் வரும். அந்தத் தண்ணீரில் சில மாதத்தில் கலவையின் மேல் வெள்ளைப் படலமும், இலை நுனியில் பழுப்புக் கருகலும் வந்துவிடும். 200-க்குக் கீழே உள்ள தண்ணீர் நல்லது. மழைத் தண்ணீர் முதல் தரம். ஆர்.ஓ. தண்ணீரும் சரி, ஆனால் அதில் கால்சியம் கிட்டத்தட்ட இருக்காது என்பதால் உரத்தில் சேர்க்க வேண்டும். ஏ.சி. குழாயிலிருந்து வடியும் தண்ணீரையும் ஆர்.ஓ. போலவே பயன்படுத்தலாம், ஏ.சி.யை ரசாயனம் போட்டுக் கழுவிய பிறகு ஒரு வாரம் மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஆர்.ஓ. இயந்திரம் கழிவாக வெளியே தள்ளும் தண்ணீரை ஊற்றவே கூடாது, உப்பு முழுவதும் அதில்தான் இருக்கிறது.

காற்றின் ஈரமும் வெப்பமும்

60 முதல் 80 சதவீத ஈரப்பதம் போதும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம், கொழும்பு போன்ற கடலோர ஊர்களில் ஜன்னல் திறந்த அறையில் ஆண்டின் பெரும்பகுதிக்கு இது தானாகவே இருக்கும். மதுரை, திருச்சி, சேலம் போன்ற உள்மாவட்டங்களின் கோடை மதியத்திலும், ஏ.சி. ஓடும் அறையிலும் அது 40-க்கு இறங்கிவிடும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் டிஜிட்டல் ஈரமானியைச் செடிக்குப் பக்கத்தில் வைத்தால் நிலைமை தெரியும்.

இலையில் தண்ணீர் தெளிப்பது பயன் தராது. ஈரப்பதம் சில நிமிடத்துக்கு மேல் நிற்காது. உப்புத் தண்ணீர் வெல்வெட்டின் மேல் காய்ந்து வெள்ளைப் புள்ளியாகிவிடும், துடைத்தாலும் போகாது. தூசியை நீக்க உலர்ந்த மென்மையான ஓவியத் தூரிகை போதும். இலைப் பளபளப்புக்கு விற்கும் எண்ணெய்கள் வெல்வெட்டைக் கெடுத்துவிடும். ஈரப்பதம் வேண்டுமென்றால் செடிகளைக் கூட்டமாக வையுங்கள், அல்லது சிறு ஹ்யூமிடிஃபயர் வைத்து ஈரமானியைப் பார்த்து ஓட்டுங்கள். கண்ணாடி அலமாரிக்குள் வளர்ப்பவர்கள் கணினிக்குப் போடும் சிறு விசிறி ஒன்றை உள்ளே ஓடவிட வேண்டும். அசையாத ஈரக் காற்றில் பாக்டீரியாப் புள்ளி நோய் வேகமாகப் பரவும்.

வெப்பம் 20 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை சுகமாக இருக்கும். அக்னி நட்சத்திர நாட்களில் அறை 35 டிகிரி ஆனாலும் தாங்கும், வளர்ச்சிதான் நிற்கும். அப்போது உரத்தை நிறுத்திவிட்டு, தொட்டியை மொசைக் தரையில் இறக்கி வையுங்கள். ஊட்டி, கொடைக்கானலில் இரவு 13 டிகிரிக்குக் கீழே போகும் மாதங்களில் ஜன்னல் ஓரத்திலிருந்து உள்ளே தள்ளி வைத்து, தண்ணீரைக் குறையுங்கள்.

உரம்

உரக்கடையில் கிடைக்கும் தண்ணீரில் கரையும் 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள உரம்), லிட்டருக்கு அரை கிராம். தோட்டத்துக்குச் சொல்லும் அளவில் பாதி அல்லது அதற்கும் குறைவு. வளரும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறை ஈரமான கலவையில் ஊற்றுங்கள். காய்ந்த கலவையில் ஊற்றினால் வேர் நுனி கருகும். 19:19:19-இல் கால்சியம் கிடையாது. ஆகவே அடுத்த முறை அதற்குப் பதிலாக லிட்டருக்கு அரை கிராம் கால்சியம் நைட்ரேட்டும், அதோடு கால் கிராம் எப்சம் உப்பும் கரைத்து ஊற்றுங்கள். 19:19:19-ஐயும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே பாத்திரத்தில் கெட்டியாகக் கலந்தால் பாஸ்பேட்டும் கால்சியமும் சேர்ந்து வெள்ளைத் தூளாகப் படிந்துவிடும், செடிக்கு எதுவும் போய்ச்சேராது. எனவே மாற்றி மாற்றித்தான் கொடுக்க வேண்டும். இரும்பு, துத்தநாகம் கலந்த நுண்ணூட்டம் மாதம் ஒரு முறை, புட்டியில் போட்ட அளவில் கால்வாசி போதும். மாதத்தில் ஒரு நாள், உரமில்லாத தண்ணீரைத் தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மடங்கு ஊற்றிக் கழுவிவிட்டால் உப்புச் சேராது.

குருத்து விரியும் காலம்

நுனியில் வெளிர்பச்சை அல்லது இளஞ்சிவப்பு உறை நீண்டு கூம்பாகும். சில நாளில் உறை ஒரு பக்கம் பிளந்து, சுருட்டிய குருத்து எட்டிப் பார்க்கும். விரியத் தொடங்கும்போது இலை மெழுகுபோல மினுமினுப்பாக, வெளிர்பச்சையாக, விளிம்பில் மெல்லிய சிவப்புக் கோட்டோடு இருக்கும். வெல்வெட் அப்போது இருக்காது. முழுதும் விரிந்து கெட்டிப்பட்டுக் கரும்பச்சை ஆவதற்கு மூன்று முதல் ஐந்து வாரம் ஆகும். ஆண்டுக்கு ஐந்தாறு இலை என்பது இந்தச் செடிக்கு நல்ல வளர்ச்சி.

அந்த வாரங்களில் இலையைத் தொடாதீர்கள். விரல் பட்ட இடம் நிரந்தரத் தழும்பாகிவிடும். ஈரப்பதம் குறைந்தால் குருத்தின் ஓரங்கள் ஒட்டிக்கொண்டு, விரியும்போது கிழியும். ஒட்டியிருப்பதைக் கையால் பிரிக்கப் போனால் கிழிசல் பெரிதாகும். மேலே ஒரு தெளிவான பிளாஸ்டிக் பையைத் தளர்வாகக் கவிழ்த்து இரண்டு மூன்று நாள் விட்டால் பெரும்பாலும் தானாக விடுபடும். காய்ந்துபோன உறையைத் தானாகக் கழன்று வரும்போது எடுத்துவிடலாம், பச்சையாக இருக்கும்போது உரிக்கக் கூடாது.

காலையில் இலை நுனியில் தண்ணீர் சொட்டி நிற்பதைப் பார்த்து நோயோ என்று பயப்பட வேண்டாம், வேர் இரவில் இழுத்த மிகுதி நீர் அது. தினமும் நிறையச் சொட்டினால் மட்டும் அடுத்த தண்ணீரை ஒரு நாள் தள்ளிப்போடுங்கள்.

ஏதோ சரியில்லை என்றால்

மிகப் பழைய இலை ஒன்று மட்டும், புது இலை வரும் நேரத்தில் மஞ்சளாவது இயல்பு. ஒரே நேரத்தில் இரண்டு மூன்று இலை மஞ்சளானால் வேரைப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்பழுப்பாகவோ, கெட்டியாக இருக்கும். அழுகிய வேரை இழுத்தால் தோல் உருவிக்கொண்டு உள்ளே நூல் மட்டும் நிற்கும். அப்படியானால் அழுகியதை எல்லாம் வெட்டி, புதுக் கலவையில் சிறிய தொட்டிக்கு மாற்றி, மூடிய டப்பாவுக்குள் வைத்துத் தேற்ற வேண்டும்.

தண்டு அழுகல் இன்னும் தீவிரமானது. கத்தியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிக்கொண்டே, உள்சதை முழு வெண்மையாகத் தெரியும் வரை போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் நடுவில் கத்தியை ஸ்பிரிட்டில் துடையுங்கள். துளி பழுப்பு வளையம் மிச்சமிருந்தாலும் அழுகல் தொடரும். வெட்டு வாயில் காப்பர் ஆக்சிகுளோரைடு பசையைத் தடவி, ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள்.

ஈரம் ஊறியது போன்ற கரும்புள்ளி, சுற்றிலும் மஞ்சள் வளையம், ஓரிரு நாளில் பெரிதாகிறது என்றால் அது பாக்டீரியா. அந்த இலையைக் காம்போடு எடுத்துக் குப்பையில் போடுங்கள். பல இலையில் இருந்தால் இலை நனையாமல் பார்த்துக்கொண்டு காற்றோட்டத்தைக் கூட்டுவதைத் தவிரப் பெரிய வைத்தியம் இல்லை.

பூச்சிகளில் இலைப்பேன்தான் முதல் எதிரி. வெல்வெட்டின் மேல் வெள்ளி நிறக் கீறல்களும் பொடிப்பொடியான கறுப்பு எச்சமும் தெரிந்தால் இலையைத் திருப்பி, நரம்பை ஒட்டிப் பாருங்கள். வெளிர்மஞ்சளாக ஊசிமுனை அளவுப் பூச்சி நகரும். முட்டை இலைக்குள்ளும், கூட்டுப்புழு மண்ணிலும் இருப்பதால் ஒரு முறை மருந்து அடிப்பதில் தீராது. ஸ்பினோசாட் 45 சதவீதக் கரைசலை லிட்டருக்கு 0.3 மி.லி. (இன்சுலின் ஊசியால் அளக்கலாம்) கலந்து, செடியை வெளியே எடுத்துப்போய் மாலையில் இலையின் இருபக்கமும் தெளியுங்கள். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொள்ளுங்கள். ஈரமாக இருக்கும்போது தேனீக்கு நஞ்சு என்பதால் பூச்செடிகள் பக்கத்தில் வேண்டாம். ஆறு நாள் இடைவெளியில் மூன்று முறை அடித்தால் அடங்கும்.

செஞ்சிலந்தி வறண்ட காற்றில் வரும். இலையின் அடியில் மெல்லிய வலையும் புழுதி போன்ற புள்ளிகளும் அடையாளம். குழாய்த் தண்ணீரை மெதுவாகப் பீய்ச்சி அடிப்பக்கத்தைக் கழுவி, நிழலில் விசிறிக் காற்றில் உலர்த்துவதை நான்கு நாளுக்கு ஒரு முறை செய்தாலே பெரும்பகுதி போய்விடும். மாவுப்பூச்சியைத் தண்டுக்கும் காம்புக்கும் இடையில் தேடுங்கள். பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துத் தொட்டு எடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் மற்ற செடிகளுக்கு நல்ல மருந்து, வெல்வெட் இலையில் எண்ணெய்க் கறை நின்றுவிடும். அடித்தே ஆக வேண்டுமென்றால் ஒரு பழைய இலையில் சோதித்து இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள்.

சேனை, சேப்பங்கிழங்கு எந்தக் குடும்பமோ அதே குடும்பம்தான் குளோரியோசமும். கால்சியம் ஆக்சலேட் ஊசிப் படிகங்கள் திசுவெங்கும் இருக்கும், காறலும் நமைச்சலும் அதனால்தான். குழந்தையோ பூனை, நாயோ கடித்தால் வாயும் நாக்கும் வீங்கும். எட்டாத இடத்தில் வையுங்கள், வெட்டும்போது கையுறை போடுங்கள்.

ஒன்றை இரண்டாக்குவது

தண்டில் குறைந்தது ஆறேழு கணு ஆன பிறகு பிரிக்கலாம். தை, மாசிக்குப் பின் வெப்பம் கூடத் தொடங்கும் நேரம் நல்லது. பலர் செடியைப் பிடுங்கி, துண்டுபோட்டு, மாஸில் வைப்பார்கள். அதைவிடப் பாதுகாப்பான வழி இருக்கிறது: தொட்டியிலிருந்து எடுக்காமலே வெட்டுவது.

வளரும் நுனியிலிருந்து பின்னோக்கி எண்ணி, மூன்று இலையும் நல்ல வேரும் முன்பகுதிக்குக் கிடைக்கும்படி ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு கணுவுக்கு நடுவில், ஸ்பிரிட்டில் துடைத்த மெல்லிய பிளேடால் தண்டைச் செங்குத்தாக முழுதும் வெட்டுங்கள். கீழே வேரை அறுக்காமல் தண்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெட்டு வாய் இரண்டும் ஒட்டாமல் இருக்க நடுவில் ஒரு சிறு பிளாஸ்டிக் துண்டைச் செருகி, சமையலுக்குப் போடும் இலவங்கப்பட்டைப் பொடியைத் தூவிவிடுங்கள். ஒரு வாரத்துக்குத் தண்ணீர் அந்தப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

முன்பகுதி எதுவும் நடக்காதது போல வளர்ந்துகொண்டே போகும். பின்பகுதிக்குச் சொந்த வேர் ஏற்கெனவே இருப்பதால் பட்டினி கிடக்காது. ஆறு முதல் பத்து வாரத்தில் ஏதாவது ஒரு கணுவில், அரிசி அளவில் வெளிர்பச்சை மொட்டு புடைக்கும். மொட்டு முளைவிட்டு இரண்டாவது இலை விரிந்த பிறகு தோண்டி எடுத்து வேறு தொட்டிக்கு மாற்றுங்கள். முதல் இலை சிறியதாகவும் நரம்பு மங்கலாகவும் இருக்கும், மூன்றாவது நான்காவது இலையில் வெள்ளை நரம்பு தெளிவாகிவிடும்.

வேரில்லாத தண்டுத் துண்டு கையில் இருந்தால், ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கணுவாவது இருக்க வேண்டும். ஒரு நாள் காயவைத்து, நனைத்துப் பிழிந்த ஸ்பேக்னம் மாஸின் மேல் கணுவின் மொட்டு மேல்நோக்கி இருக்கும்படி பாதி புதைய வையுங்கள். மூடிய டப்பா, 26 முதல் 30 டிகிரி வெப்பம், நேரடி வெயில் படாத வெளிச்சம். இரண்டு நாளுக்கு ஒரு முறை மூடியைத் திறந்து காற்று மாற்றுங்கள். வேர் மூன்று நான்கு வாரத்தில் வரும், மொட்டு அதற்கும் பிறகுதான். துண்டு கெட்டியாக இருக்கும்வரை எத்தனை வாரமானாலும் எடுத்துப் போடாதீர்கள். அழுத்தும்போது குழைந்தால் மட்டும் அந்தப் பகுதியை வெட்டிவிட்டு மிச்சத்தைப் புது மாஸுக்கு மாற்றுங்கள்.